சேலத்தில் நம்ம ஜோடிகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் நண்பர்கள் ரயில் ஏறும் முன்பே கேட்டுவிடுகிறார்கள்: "உங்க ஊர்ல நம்ம மாதிரி ஆளுங்க நிம்மதியா சாப்பிட எங்கப்பா இடம் இருக்கு?" சேலத்தில் ருசிக்குக் குறைவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தன்பாலீர்ப்பாளர்களான ஒரு ஜோடி எதிரெதிரே உட்கார்ந்து, யாருடைய பார்வைக்கும் பதில் சொல்லாமல், அவசரமில்லாமல் ஒரு வேளை சாப்பிட முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை. நானும் என் பார்ட்னரும் பல வருடங்களாக இந்த ஊரிலேயே சேர்ந்து வாழ்கிறோம். சமைக்கிற நாளைவிட வெளியே சாப்பிடுகிற நாள்தான் அதிகம். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு என்று நினைக்கிறேன்.

பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் இப்போது ஃப்ளோரிடாவில் வேலை செய்கிறான். அவனும் நம்மவன்தான். கீ வெஸ்ட் தீவுக்குப் போய்விட்டு வந்து போனில் மணிக்கணக்கில் பேசினான். ஃப்ளோரிடாவின் தென்கோடியில் கடலுக்குள் இருக்கும் வெயில் ஊர் அது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகத் தெரிந்த ரிச்சர்ட் ஹேமனை 1983-லேயே மேயராகத் தேர்ந்தெடுத்த ஊர். எல்லோரும் ஒரே மனிதக் குடும்பம் என்பதை 2000-ல் நகரத்தின் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டார்கள். டூவல் தெருவில் நடந்தால் கடை வாசல்களிலேயே வானவில் கொடியாம். சங்குச் சதையைக் கொத்திப் போட்டுப் பொரித்த உருண்டையும், சின்ன எலுமிச்சையின் சாறும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்துச் செய்கிற 'கீ லைம் பை' என்கிற இனிப்பும் சாப்பிட்டிருக்கிறான். "எந்தக் கடைக்குள்ள போறதுன்னு ஒரு தடவைகூட யோசிக்கலைடா" என்று அவன் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த இனிப்பை நினைத்து இல்லை, அந்த யோசிக்காமல் நுழைகிற சுகத்தை நினைத்து.

சேலத்தில் கடை வாசலில் கொடி இல்லை. அதனால் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் முதலில் பார்ப்பது, கடை ஆட்களை எப்படி உட்கார வைக்கிறது என்பதை. மெனுவும் விலையும் அப்புறம்தான்.

வெளியூர் நண்பர்களை முதலில் தட்டுவடை செட் வண்டிக்குத்தான் கூட்டிப்போவேன். சாயங்காலம் அம்மாபேட்டை, குகை, செவ்வாய்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு வண்டியாவது நிற்கும். கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். உள்ளங்கை அளவுகூட இல்லாத சின்னத் தட்டுவடைகளைத் தட்டில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் பச்சைச் சட்னி ஒரு தடவல், சிவப்புச் சட்னி ஒரு தடவல். அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் எல்லாம் கலந்து ஒரு சிட்டிகை. மேலே இன்னொரு தட்டுவடை வைத்து மூடி லேசாக ஓர் அழுத்து. அதை முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில் விழும். காரம் வேண்டுமென்றால் பூண்டு செட், பசி இருந்தால் முட்டை செட், பல்லுக்கு வேலை வேண்டுமென்றால் முறுக்கு செட், எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்து கேட்டால் நொறுக்கல்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டிக்கடையில் மேசை கிடையாது. யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. எல்லோரும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். ஒரே தட்டில் ரெண்டு பேர் எடுத்துச் சாப்பிடுவது அங்கே சாதாரணம். என் பார்ட்னர் கடைசிச் செட்டை எடுத்து என் வாயில் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டிக்காரர் எண்ணுவது தட்டைத்தான். எங்கள் நட்பு வட்டத்தில் இருக்கும் பெண் ஜோடிக்கும் இது பிடித்த இடம், ஆனால் ஏழு ஏழரைக்குள். அந்த நேரத்தில் டியூஷன் முடிந்த பிள்ளைகளும் அம்மாக்களுமாகக் கூட்டம் இருக்கும். அதற்கப்புறம் சில தெருக்களில் ஆண்கள் கூட்டமாகிவிடும்.

இப்போது புதிதாக ஒரு தொந்தரவு சேர்ந்திருக்கிறது. பேர்போன வண்டிகளில் யாராவது ரீல்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லாதவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. சேலம் பெரிய ஊர்தான், ஆனாலும் சொந்தக்காரர்கள் இல்லாத தெரு இல்லை. ஒரு பத்து விநாடி வீடியோ அத்தை வீட்டு வாட்ஸ்அப் வரைக்கும் போய்விடும். கேமரா இருந்தால் நாங்கள் செட் போடுகிற ஆளின் பின்பக்கமாகப் போய் நின்றுகொள்வோம். படம் எடுப்பவரிடம் "தம்பி, எங்க முகம் வேண்டாம்" என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேட்காவிட்டால் பார்சல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சட்னியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீடு போவதற்குள் ஊறிவிடும்.

சரி, உட்கார்ந்து சாப்பிடும் இடங்களுக்கு வருவோம். எனக்கு மனசு நோகிற இடம் 'ஃபேமிலி மட்டும்' என்ற போர்டுதான். மாடியில் ஏசி ஹால் வைத்திருக்கும் அசைவ ஓட்டல்களில் படிக்கட்டு ஓரமாகத் தொங்கும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போனால் ஒரு கேள்வி கிடையாது. இரண்டு பெண்கள் போனாலும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரண்டு ஆண்கள் படியில் கால் வைத்தால் "சார், ஜென்ட்ஸ் எல்லாம் கீழங்க" என்று கையை நீட்டிவிடுவார்கள். ஒருமுறை, நாங்கள் சேர்ந்து வாழ ஆரம்பித்த தேதியைக் கொண்டாடப் போயிருந்தோம். வழக்கமாக வாயே திறக்காத என் பார்ட்னர் அன்று சூப்பர்வைசரிடம் மெதுவாகச் சொன்னான்: "நாங்களும் ஃபேமிலிதாங்க." அந்த மனிதர் அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கோபப்படவில்லை. "மேனேஜர் திட்டுவாருங்க" என்றார். நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

குடித்துவிட்டு வரும் ஆண்கள் பக்கத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்கார வேண்டாம் என்றுதான் அந்த ஏற்பாடு வந்திருக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குடும்பம் என்றால் யார் என்பதைப் படிக்கட்டில் நிற்கும் ஒருவர் முடிவு செய்யும்படி ஆகிவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவிலிருந்து நம்மை விடுவித்தது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் நம் திருமணத்தைச் சட்டப்படி ஏற்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பெண் ஜோடியின் வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழி அல்ல, தாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என்று சொன்னது. அந்தச் சொல் ஓட்டல் படிக்கட்டு வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரைக்கும் செய்யக்கூடியது என்னவென்றால், எல்லோருக்கும் ஒரே ஹால் என்று இருக்கிற கடையாகப் பார்த்துப் போவது. புதிய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும், அஞ்சு ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கமும் புதிதாக வரும் ரெஸ்டாரன்ட்டுகளில் பலவற்றில் இந்தப் பிரிவினை இல்லை. தங்கும் ஓட்டல்களுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட்டுகள் இன்னும் நல்லது. பில் கொஞ்சம் கூடும், ஆனால் வெளியூர் ஆட்களையே பார்த்துப் பழகிய பரிமாறுபவர்கள் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. முக்கியமான நாள் என்றால் முதல் நாளே போன் செய்து, "ரெண்டு பேரு, ரெண்டு பேருமே ஜென்ட்ஸ், ஏசி ஹால்ல டேபிள் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். போனில் 'இல்லை' என்று கேட்பது, உடுத்திக்கொண்டு போய்ப் படியில் நின்று கேட்பதைவிட எவ்வளவோ மேல். பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறதா என்றும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக, மசாலாத் தூள் எதுவும் போடாமல் வறுத்துத் தருகிற கடை கிடைத்தால் விடாதீர்கள்.

பெண் ஜோடிகளுக்குக் கணக்கே வேறு. எங்கள் தோழிகள் இருவரும் சொல்வது: பரோட்டாக் கடை வேண்டாம், டாஸ்மாக் இருக்கும் வரிசையில் எந்தக் கடையும் வேண்டாம், ராத்திரி மெஸ் வேண்டாம். சைவ பவன்களில் பெண்கள் கூட்டமாக வருவது வழக்கம் என்பதால் அங்கே அவர்களுக்கு நிம்மதி. சாரதா காலேஜ் ரோட்டுப் பக்கம் இருக்கும் கஃபேக்களில் மாணவிகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவதால் இன்னும் நிம்மதி. கை கோத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் தோழிகள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது வசதிதான். ஆனால் அதில் ஒருத்திக்கு அப்படி நினைத்துக்கொள்வதே வலிக்கிறது. அவள் சொன்னதை நான் இங்கே எழுதாமல் விட முடியாது: "எங்களை யாரும் திட்டறதில்லை, ஏன்னா யாருக்கும் நாங்க தெரியறதே இல்லை."

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் வழக்கமாகப் போவது செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் மெஸ். பேர் சொல்ல மாட்டேன், அந்த அம்மா விளம்பரத்தை விரும்புகிறவர் இல்லை. பெஞ்ச், வாழை இலை, மட்டன் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, குடல் வறுவல், மேட்டூர் டேம் மீன் வந்த நாளில் மீன் வறுவல். முதலில் எல்லா மெஸ் அம்மாக்களையும் போலத்தான் கேட்டார்: "ஏஞ்சாமி, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" நான் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கூட்டம் குறைவு. "நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கோங்கம்மா. வேற கல்யாணம் எதுவும் பண்றதா இல்லை" என்றேன். கையில் இருந்த ரச வாளியோடு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் "சமையல் யாரு பண்றது?" என்றார். அவன் என்று கையைக் காட்டினேன். அவனைப் பார்த்து, ரசத்துக்குத் துவரம்பருப்புத் தண்ணி எப்போது ஊற்றுவாய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு வந்ததே இல்லை. எனக்குக் காய்ச்சல் என்று அவன் தனியாகப் போன அன்று, மிளகு ரசத்தைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். "அவனுக்குக் குடுத்துட்டு நீயும் குடி" என்றாராம்.

எல்லா மெஸ்ஸிலும் இப்படிச் சொல்லிப் பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. முகம் பழகி, நம் இலைக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த பிறகு, பக்கத்து பெஞ்சிலிருந்து யாராவது ஏதாவது சொன்னால் கடைக்காரரே நமக்காகப் பேசுவார். நான் அதைப் பார்த்திருக்கிறேன். புதுக்கடையாகத் தேடித் தேடி அலைவதைவிட இரண்டு மூன்று கடைகளுக்கு வாடிக்கையாக இருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது.

எங்கள் கூட்டத்தில் ஒரு திருநங்கை அக்கா இருக்கிறார். தையல் வேலை செய்கிறார், நல்ல சம்பாத்தியம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் ஓட்டலுக்கு அவரோடு போயிருந்தேன். அக்கா வாசலைத் தாண்டி இரண்டு அடி வைத்திருப்பார், கல்லாவில் இருந்தவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். கடை கடையாகக் காசு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். அக்கா நோட்டை வாங்கவில்லை. "அண்ணா, எனக்கு ரெண்டு பொடி தோசையும் ஒரு காபியும் வேணும். எங்க உட்காரட்டும்?" என்றார். கல்லாக்காரர் முகம் சுருங்கி, தானே எழுந்து வந்து ஃபேனுக்குக் கீழே இடம் காட்டினார். தோசை வரும் வரைக்கும் அக்கா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு இது ஒரு நாளில் முடிகிற விஷயம் இல்லை, ஒவ்வொரு புதுக்கடையிலும் நடப்பது.

அந்தக் கல்லாக்காரர் நல்ல மனசு படைத்தவர். வெளியே போ என்று சொல்லும் கடைகளும் உண்டு. அப்படிச் சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்களுக்கான எந்தச் சேவையையும் திருநங்கை, திருநம்பி என்பதற்காக மறுக்கக் கூடாது என்கிறது. அக்கா அந்தப் பக்கத்தைத் தமிழில் போனில் வைத்திருக்கிறார். சண்டைக்காக இல்லை, மேனேஜரிடம் அமைதியாகக் காட்டுவதற்கு. இந்தியாவின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டராக 2017-ல் பொறுப்பேற்ற பிரித்திகா யாஷினி நம் சேலத்துக்காரர். அந்தச் செய்தி வந்தபோது டீக்கடையில் "உங்க ஊருப் பொண்ணுதானே?" என்று ஆட்கள் தன்னிடம் பெருமையாகக் கேட்டதை அக்கா இன்னும் சொல்லிச் சந்தோஷப்படுவார். அக்காவோடு போகும்போது நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவர் முன்னால் போய் "மூணு பேருங்க" என்று சொல்லி இடம் பிடிப்பதில்லை. அக்காதான் முன்னால் போவார், ஆர்டரும் அவரே சொல்வார். அப்படிச் செய்ய வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஏற்காடு வேறு மாதிரி. முப்பது கிலோமீட்டர்தான், இருபது கொண்டை ஊசி வளைவு, ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். ஆனால் மேலே போனதும் எல்லோருமே வெளியூர்க்காரர்கள் என்பதால் மூச்சு கொஞ்சம் தாராளமாக வரும். ஏரிக்கரையோரம் மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், சுட்ட சோளம் விற்கும் கடைகளில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு வாங்குங்கள், அடுக்கி வைத்ததை வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். ஒண்டிக்கடை ரவுண்டானாப் பக்கம் காலை இட்லிக்குக் கடைகள் உண்டு. காபித் தோட்டங்களுக்கு நடுவில் வந்துவிட்டு பாக்கெட் காபித்தூளில் போட்ட காபி குடிப்பது எனக்குப் பொறுக்காது, அதனால் உள்ளூர்க் கொட்டையில் டிகாக்ஷன் போடுகிறீர்களா என்று கேட்டுத்தான் உட்காருவேன்.

தங்குவதாக இருந்தால் சாப்பாட்டையும் அங்கேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ராத்திரி கடைகள் சீக்கிரம் அடங்கிவிடும், பனியில் வண்டி எடுத்துக்கொண்டு தேடுவது ஆபத்து, காட்டெருமை ரோட்டில் நிற்கும். நாகலூர்ப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தங்கினால், காலையிலேயே சொல்லி வைத்தால் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துத் தருவார்கள். புக் செய்யும்போதே நான் சொல்லிவிடுவேன்: "நாங்க ஒரு ஜோடி, ரெண்டு பேரும் ஆண்கள், ஒரே கட்டில் போதும்." மறுபக்கம் குரல் தடுமாறினால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். "ஃபேமிலிக்கு மட்டும்தாங்க தர்றோம்" என்று கேட்டதும் உண்டு. "சரிங்க, சாப்பாடு காரமா வேணுமா?" என்று கேட்டவரும் உண்டு. அந்த வீட்டுக்குத்தான் இப்போதும் போகிறோம். இரண்டு ஆண்கள் எதுவும் சொல்லாமலே அறை எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பரிமாறுகிற கையில் தயக்கம் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் மாதிரி இடங்களில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட வேண்டாம், குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இருட்டிய பிறகு அங்கே வண்டியை நிறுத்தி உட்காரவும் வேண்டாம். ரோந்து வரும் போலீஸ் யாராக இருந்தாலும் கிளப்பிவிடுவார்கள், அது அவர்கள் வேலை. ஆனால் ஜோடி என்று தெரிந்து மிரட்டினாலோ, வீட்டு நம்பர் கேட்டாலோ, ஒன்றை நினைவில் வையுங்கள். நம்மைப் போன்ற பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-ல் சேர்த்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு மரியாதையாகப் பேசினாலே குரல் மாறும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் அதே செவ்வாய்பேட்டை மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிடுகிறோம். முதல் நாளே அம்மாவுக்குப் போன் செய்து எத்தனை இலை என்று சொல்லிவிடுவோம். இரண்டு மணிக்கு மேல் போனால் மற்ற கூட்டம் கலைந்து ஒரு பெஞ்ச் முழுக்க எங்களுக்கே கிடைக்கும். புதிதாக வருபவர்கள் சொந்தப் பேரைச் சொல்ல வேண்டியதில்லை, சாப்பிட்டு முடியும் வரை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பில்லை ஆளுக்குப் பிரித்துக்கொள்வோம். மாணவர்கள் வந்தால் அவர்கள் பங்கைச் சம்பாதிக்கிறவர்கள் கொடுத்துவிடுவோம்.